கழுத்தில் கட்டிய கோழி

எனக்கு நாய் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் கடைசியில் "உங்களுக்கு நாயெண்டால் உயிர் போலை" என்று ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். உயிராவது மண்ணாங்கட்டியாவது. நாங்கள் வளர்ந்த வீடுகளில் நாய் முற்றத்தோடு நிற்கும். குசினி வாசலில் மூக்கை நீட்டினால் விளக்குமாறு பறக்கும். ஐம்பத்தைந்து வயதில் நான் நாய் பழக்கப் போனது அண்ணை சொன்னதால். வேறு காரணம் இல்லை.

அண்ணை என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், நான் அவருக்குத் தங்கச்சி. என்னைக் கனடாவுக்கு எடுப்பித்தவரும் அவர்தான். வந்த புதிதில் ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுணில் அவர் இருந்த ஒற்றை அறையைத் திரைச்சீலை போட்டுப் பிரித்து, வெளிச்சம் வரும் யன்னல் பக்கத்தை எனக்குத் தந்துவிட்டு, தான் கதவடியில் படுத்தார். அதன் பிறகு அவர் சொல்லி நான் மறுத்தது என்று ஒன்றும் இல்லை. வேலை அவர் கேட்டு எடுத்துத் தந்தது. கலியாணம் அவர் பார்த்தது. அது சரிவராமல் போனபோது "விட்டுத்தள்ளு, நான் இருக்கிறன்" என்று சொன்னதும் அவர்தான். ஆகவே மார்க்கம் நகரத்துக்கு வடக்கே ஒரு வளவைக் குத்தகைக்கு எடுத்து ஊர்க்கோழி வளர்க்கப் போகிறேன் என்று அவர் வந்து நின்றபோது, "வயது போன நேரத்திலை உங்களுக்கு ஏன் உந்த வேலை" என்று மனதுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டேன்.

கோழி வியாபாரம் நன்றாகத்தான் போனது. நம்முடைய சனத்துக்குக் கடைக் கோழி வாயில் ஒட்டாது. "உது கோழியே? பஞ்சு" என்பார்கள். சனிக்கிழமை காலையில் ஸ்காபரோவிலிருந்து கார்கள் வரிசையாக வரும். உயிர்க்கோழியாகப் பெட்டியில் போட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். கரைச்சல் எல்லாம் நரியால்தான். வளவின் பின்பக்கம் பற்றைக்காடு. அதற்குள்ளிருந்து சிவப்பு நரி வந்து போகும். அண்ணை கம்பி வேலி அடித்தார், கீழால் கிண்டிக்கொண்டு வந்தது. மனிதக் குரல் கேட்டால் வராது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கொட்டிலில் தமிழ் வானொலியை நாள் முழுக்கப் பாட விட்டார். நரி இரண்டு நாள் தூர நின்று யோசித்தது. மூன்றாம் நாள் மரண அறிவித்தல் போய்க்கொண்டிருக்கும்போதே வந்து ஒரு சேவலைத் தூக்கிக்கொண்டு போனது.

பக்கத்துப் பண்ணைக்காரர் ஒரு வெள்ளைக்காரர். அவரிடம் லேர்ச்சர் என்ற சாதி நாய்கள் நின்றன. கிரேஹவுண்டுக்கும் ஆடு மேய்க்கிற நாய்க்கும் பிறந்த கலப்பு. ஓட்டம் ஒன்றிடமிருந்து, புத்தி மற்றதிடமிருந்து. மோப்பத்தைவிடக் கண்ணால் பிடிக்கிற நாய்; வெளியான நிலத்தில் நரி தலைகாட்டினால் விடாது. அவர் ஐந்து மாதக் குட்டி ஒன்றை அண்ணைக்குக் கொடுத்தார். கொடுக்கும்போதே ஒரு கதை சொன்னார். கோழியில் வாய் வைத்துப் பழகிய நாயை யாரும் வைத்திருக்க மாட்டார்கள், அப்படி ஆகிவிட்டால் தன்னிடம் கொண்டு வந்துவிடச் சொன்னார். கொண்டு வந்தால் என்ன செய்வீர்கள் என்று அண்ணை கேட்டதற்கு அவர் சுவரில் தொங்கிய வேட்டைத் துவக்கைப் பார்த்தார்.

அண்ணை அதை அப்படியே என்னிடம் சொன்னார். "முதல் தரம் பிழை விட்டால் ஒருக்கா மன்னிக்கலாம். ரெண்டாம் தரம் ஒரு கோழியிலை வாய் வைச்சுதெண்டால், நாயைக் கொண்டுபோய் அவரிட்டை விட்டிடுவன். பிறகு என்னைக் கேக்கக் கூடாது."

"என்னட்டை ஏன் சொல்லுறியள்?" என்றேன்.

"நீதானே பழக்கப் போறாய்."

அவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை செய்து இரண்டு கிழமை. எனக்குப் பிஸ்கற் தொழிற்சாலையில் லேஓஃப், வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். வளவில் குளிருக்கு ஒதுங்க வீடு இல்லை, தகரக் கொட்டில்தான். இந்தச் சாதி நாய்க்குத் தோல் மெல்லிசு, மயிர் கட்டை. கனடாக் குளிருக்குள் கொட்டிலில் விட்டால் விறைத்துப்போகும். அண்ணையின் மருமகளுக்கு நாய் மயிர் பட்டால் தும்மல். ஆக, வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதையாக, அது ஸ்காபரோவில் என் ஒன்பதாம் மாடி அப்பாட்மென்றுக்கு வந்து சேர்ந்தது. சாம்பல் நிறம். நீண்ட மூக்கு. விலா எலும்பெல்லாம் வெளியே தெரிந்ததால் லிஃப்றில் பார்த்தவர்கள் என்னைச் சாப்பாடு போடாத பாவி என்று நினைத்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சைவம் என்பதால் அதற்கும் அன்றைக்குப் பருப்பும் சோறும்தான். தின்றுவிட்டு, மிச்சம் வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று குசினியைச் சுற்றிவரும்.

பெயர் வைக்கவில்லை. "வேலைக்கு வந்ததுக்குப் பேர் என்னத்துக்கு?" என்றார் அண்ணை. யூனிவெர்சிற்றியில் படிக்கிற என் மகள் ஏழெட்டு ஆங்கிலப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் வாயில் நுழையவில்லை. பெட்டை நாய் என்பதால் பிள்ளை என்று கூப்பிட்டேன். ஏதாவது சொல்லிக் கூப்பிடத்தானே வேண்டும்.

பழக்குகிற முறையை வெள்ளைக்காரர் எனக்குக் கையால் காலால் சொல்லித் தந்தார். நாய்க்கு நிறையக் கதைக்கக் கூடாது. நாலு சொல் போதும், அந்த நாலும் எப்போதும் ஒரே குரலில் வரவேண்டும் என்றார். வா, இரு, போ, விடு. நான் தமிழில்தான் பழக்கினேன். அதற்கு எல்லாம் ஒன்றுதான். முதல் வேலை கோழிகளுக்குள் நடப்பது. தினமும் காலையில் கழுத்தில் வாரைப் பூட்டி, கோழிகள் மேய்கிற இடத்துக்குள் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம். கோழியைப் பார்த்தால் ஒரு இழுவை. பார்க்காவிட்டால் ஒன்றுமில்லை. கோழி என்பது கல்லைப் போல, புல்லைப் போல ஒரு சலிப்பான சாமான் என்று அதற்குப் படவேண்டும். நாய்க்குச் சலித்ததோ இல்லையோ, ஒரு மாதத்தில் எனக்குச் சலித்துவிட்டது.

மற்றது ஓட்டம். பழைய உடுப்புக் கடையில் நரித்தோல் கழுத்துப்பட்டி வைத்த கோட் ஒன்று கிடந்தது. பட்டியை மட்டும் வெட்டி எடுத்து நீளக் கயிற்றில் கட்டினேன். மகளின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லின் ரயரைக் கழற்றி, அந்த வளையத்தில் கயிறு சுற்றுகிற மாதிரிச் செய்தேன். பெடலைக் கையால் சுழற்றினால் இருநூறு அடி தூரத்திலிருந்து நரித்தோல் புல்லுக்கு மேலால் துள்ளித் துள்ளி என்னை நோக்கி ஓடிவரும். "போ" என்று வாரை விடுவேன். அம்மா, அந்த ஓட்டம்! நாலு காலும் நிலத்தில் படுகிறதா என்றே தெரியாது. பிடித்ததும் கொண்டுவந்து என் முன்னால் குந்தி இருந்து, "விடு" என்று சொன்னால் கையில் வைக்கும். பிறகு வாரைப் பூட்டுவதற்காகத் தானே கழுத்தை நீட்டும். வாரைக் கையில் எடுத்தால் கழுத்தை நீட்டவேண்டும் என்பதை நான் பழக்கவில்லை. அது தானாகப் பழகியது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

ஒக்ரோபர் முடியும்போது வாரில்லாமலே கோழிகளுக்குள் நடந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை பிழை சொல்ல ஒன்றுமில்லை. சனிக்கிழமைதான் வில்லங்கம்.

எங்கள் சனம் கோழி வாங்குகிற விதத்தைச் சொல்லவேண்டும். பிடித்து வைத்ததைக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். நல்லதை ஒளித்துவைத்துவிட்டு நோஞ்சானைத் தள்ளுகிறோம் என்ற எண்ணம். வளவுக்குள் இறங்கி, தாங்களே பார்த்து, தாங்களே துரத்திப் பிடித்து, நெஞ்சு எலும்பைத் தடவிப் பார்த்து, பாரம் கையில் தூக்கிப் பார்த்து, பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு இன்னொன்றைத் துரத்துவார்கள். அலுவலகத்தில் ரை கட்டி வேலை செய்கிறவர்களும் அன்றைக்கு ஜீன்ஸை மடித்துவிட்டுக்கொண்டு ஓடுவார்கள். "அங்காலை மறியுங்கோ! இஞ்சாலை வருது!" என்று ஒரே ஆரவாரம். எல்லாருக்கும் அது ஒரு விளையாட்டு. நான் நாயைக் காருக்குள் வைத்து யன்னலைப் பாதி இறக்கிவிட்டு நிற்பேன். அது கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். உடம்பு முழுக்க நடுங்கும்.

"அண்ணை, உந்தத் துரத்தலை ஒருக்கால் நிப்பாட்டுங்கோ. நாங்கள் பிடிச்சுக் குடுப்பம். நாய் பாத்துக்கொண்டு இருக்குது," என்று சொன்னேன்.

"நாய்க்காகச் சனத்தை மாத்தச் சொல்லுறியே? நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டிலை வைச்ச கதையாக் கிடக்கு," என்றார். கேட்டுக்கொண்டு நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை என்று நினைக்கிறேன். அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அங்கிள் வந்தார். மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள், மிளகும் மஞ்சளும் அரைத்துச் சரக்குக்கறி காய்ச்சிக் கொடுக்க இன்னும் முட்டையிடாத விடைக்கோழி ஒன்று வேண்டும் என்றார். ஒன்றைத் துரத்திக்கொண்டு வளவு முழுக்க ஓடினார். பிடித்தும் விட்டார். நெஞ்சைத் தடவுகிற நேரம் அது கையை உதறிக்கொண்டு பறந்து, என் காரடியில் விழுந்து ஓடியது. பின்னால் அங்கிள், அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். யன்னலுக்குள்ளால் சாம்பல் நிறமாய் ஏதோ போனதைத்தான் கண்டேன். ஒரு கத்தல்கூட இல்லை. கழுத்தில் ஒரே கடி. பிறகு நாய் அந்தக் கோழியைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து, இருந்து, நான் சொல்லட்டும் என்று பார்த்தது. வால் ஆடிக்கொண்டிருந்தது. எல்லாரும் ஓடிப் பிடிக்கப் பார்த்தார்கள், தான்தான் பிடித்தது என்ற சந்தோசம் அதற்கு.

அங்கிளுக்கு இன்னொரு கோழி கொடுத்ததும் அவர் போய்விட்டார். அண்ணை ஊன்றுதடியோடு வந்து நின்றார்.

"ஒண்டு முடிஞ்சுது," என்றார். "இனி ஊர் வைத்தியம்தான். செத்த கோழியைக் கழுத்திலை கட்டு. மூண்டு நாள் கிடக்கோணும். நாறோணும். அதுக்குப் பிறகு சீவியத்திலை கோழிப் பக்கம் திரும்பாது."

ஊரில் அப்படிச் செய்வார்கள். கேள்விப்பட்டிருக்கிறேன். அதற்கு மேல் எனக்கும் ஆத்திரம். நாலு மாதம் விடிய எழும்பி நடந்த நடை எல்லாம் ஒரு நொடியில் போச்சு. சனியன், என் மானத்தை வாங்கிப்போட்டாய் என்று கத்திக்கொண்டு காரிலிருந்த நைலோன் கயிற்றை எடுத்தேன். கயிற்றைக் கண்டதும், வார் பூட்டப் போகிறேன் என்று நினைத்து, அது வழக்கம் போலக் கழுத்தை நீட்டியது. நான் கோழியின் இரண்டு காலையும் சேர்த்து அந்தக் கழுத்தில் கட்டினேன்.

ஊரில் செய்வதை ஸ்காபரோவில் செய்தால் என்ன ஆகும் என்று அண்ணையும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. காரை நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் விட்டுவிட்டு, நாயையும் கோழியையும் லிஃப்றுக்குள் ஏற்றிய பிறகுதான் மூளை வேலை செய்தது. லொபியில் லிஃப்ற் நின்றது. உடுப்புக் கூடையோடு ஒரு பெண் ஏறினாள். நாயைப் பார்த்தாள். நாயின் நெஞ்சில் தலைகீழாகத் தொங்குகிற கோழியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ட்ரெய்னிங்" என்றேன். வேறு என்ன சொல்ல? அவள் அடுத்த மாடியிலேயே இறங்கிவிட்டாள். அது அவளுடைய மாடியாக இருக்காது.

மகள் வந்ததும் வீடு இரண்டுபட்டது.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்? சிற்றி ஓஃபிசுக்கு யாராவது கோல் பண்ணினா என்ன செய்வீங்க? திஸ் இஸ் அபியூஸ்!"

"உன்ரை மாமா சொன்னவர்."

"மாமா சொன்னா பல்கனியால குதிப்பீங்களா?"



குளியலறையில் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு நாயை அங்கே விட்டேன். சோறு வைத்தேன், தொடவில்லை. தண்ணீர் குடிக்கக் குனிந்தால் கோழி முதலில் தண்ணீருக்குள் போனது. படுத்தால் கோழி கீழே அகப்பட்டது. எழும்பினால் தொங்கியது. கொஞ்ச நேரத்தில் அது ஒன்றும் செய்யாமல் சுவரோடு ஒட்டி இருந்தது. நான் கதவைத் திறக்கிற நேரமெல்லாம் எழும்பி வந்து என் முன்னால் இருந்து கழுத்தை நீட்டியது. கழற்றிவிடு என்று கேட்டது. நான் கழற்றவில்லை. அன்று பின்னேரம் மட்டும் நாலைந்து தரம் கேட்டிருக்கும். மறுநாள் காலையிலும் கேட்டது. முனகவில்லை, குரைக்கவில்லை, கழுத்தை மட்டும் நீட்டியது. மூன்று நாள் என்று அண்ணை சொன்னதை மந்திரம் போல மனதுக்குள் சொல்லிக்கொண்டு குசினியில் போய் நின்றேன்.

ஞாயிறு பின்னேரம் மணம் கிளம்பிவிட்டது. கட்டடத்தைப் பார்க்கிற சுப்பரின்ரென்டன் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒன்பதாம் மாடியில் ஏதோ விசித்திரமான மணம் என்று முறைப்பாடு வந்திருக்கிறது என்றார். அவருக்காகத்தான் கயிற்றை வெட்டினேன் என்று மகளிடம் சொன்னேன். அது பொய். கதவைத் திறந்தபோது அது அந்த முறை எழும்பி வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே, என் முகத்தைப் பார்க்காமல், கழுத்தை மட்டும் கொஞ்சம் நீட்டிவிட்டுத் திரும்பக் கீழே வைத்துக்கொண்டது. கேட்டுப் பிரயோசனமில்லை என்று கண்டுகொண்டது. குசினிக் கத்தரிக்கோலை எடுத்துக் கயிற்றை வெட்டினேன். கோழியை மூன்று பையில் சுற்றிக் குப்பைக் குழாய்க்குள் போட்டேன். பிறகு நாயைக் குளிப்பாட்டினேன். குளிப்பாட்டுகிறபோது அழுதேன்.

செவ்வாய்க்கிழமை அண்ணை கேட்டார். "மூண்டு நாளும் கிடந்ததோ?"

"ஓம் அண்ணை," என்றேன். சென் ஜேம்ஸ் ரவுண் அறையில் வந்து இறங்கியதிலிருந்து அவருக்கு நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

ஆனால் ஒன்று விளங்கிவிட்டது. பிழை விட்டது நாய் இல்லை. கிழமையில் ஐந்து நாள் கோழியைப் பார்க்காதே என்று நான் படிப்பித்தேன். ஆறாம் நாள் முப்பது பேர் வந்து, கோழி என்பது துரத்திப் பிடிக்கிற சாமான் என்று படிப்பித்தார்கள். அதற்கு அடுத்த சனிக்கிழமை நான் ஐந்து மணிக்கே போய், கோழிகள் அடைவில் அசையாமல் இருக்கும்போது நாற்பதைப் பிடித்துக் கூடுகளில் போட்டு, வளவு வாசலைச் சங்கிலி போட்டுப் பூட்டினேன். அண்ணை வந்து பார்த்துவிட்டு, "உனக்கென்ன விசரே? சனம் வராது," என்றார்.

"வராட்டி விடட்டும் அண்ணை," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் சங்கிலியைக் கழற்றவில்லை.

சனம் வந்தது. முறைத்தது. "எங்களை நம்பாமல் பூட்டி வைச்சிருக்கிறியளோ?" என்று ஒரு அன்ரி சண்டைக்கு வந்தார். "கூட்டுக்குள்ளை கையை விட்டு நெஞ்செலும்பைத் தடவுங்கோ, நாலு தரம் தடவுங்கோ, ஓடக் கூடாது," என்றேன். பனி கொட்டிய மாதங்கள் முழுக்க இதே வழக்கு. நான் அந்த வருடம் நாயைப் பழக்கியது குறைவு. சனத்தைப் பழக்கியதுதான் கூட. பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, காருக்குள் நாய் கொட்டாவி விட்டுவிட்டுச் சுருண்டு படுத்ததைக் கண்டேன். வாழ்க்கையில் ஒரு கொட்டாவியைப் பார்த்து நான் அப்படிச் சந்தோசப்பட்டதில்லை.

ஏப்ரலில் நரிகள் குட்டி போட்டுவிடும். குட்டிக்குத் தீன் தேடிப் பகலிலும் வரும். அண்ணைக்கு முழங்கால் ஓரளவு தேறி, அவரும் தினமும் வரத் தொடங்கியிருந்தார். "இந்த மாதம் தெரிஞ்சிடும், உது நாயோ இல்லையோ எண்டு," என்றார். அன்று காலை எட்டு மணி இருக்கும். அண்ணை கொட்டிலுக்குள் தீன் கலந்துகொண்டிருந்தார். நான் வெளியே நின்றேன். நாய் வாரில்லாமல் என் பக்கத்தில். கோழிகள் வளவு முழுக்கப் பரவி மேய்ந்தன.

வளவின் பின்பக்கத்து வாய்க்கால் கரையால் சிவப்பாக ஒன்று வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் தண்ணீர்த் தொட்டியடியில் நின்ற செம்பேட்டின் கழுத்தில் பிடித்துவிட்டது. நாய் கண்டுவிட்டது, ஆனால் அசையவில்லை. என்னைப் பார்த்தது.

"போ!" என்றேன்.

அதற்கும் நரிக்கும் நடுவில் அறுபது எழுபது கோழி. எல்லாம் கத்திக்கொண்டு சிதறி ஓடுகின்றன. அது அந்தக் கோழிகளுக்குள்ளால் நேர்கோடு போட்ட மாதிரிப் போனது. ஒன்றைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கடவுளே, ஒன்றைக்கூட! நரி கோழியோடு வேலியடி ஓட்டைக்குப் பறந்தது. ஓட்டைக்குள் கோழி புகாது. போட்டுவிட்டுத் தான் மட்டும் நெளிந்து நுழைந்தது. நாயின் வாய்க்கும் நரியின் வாலுக்கும் ஒரு முழம்கூட இருக்கவில்லை. நரி பற்றைக்குள் மறைந்தது. நாய் வேலியடியில் நின்று பார்த்தது. "வா" என்று கூப்பிட்டேன். அது குனிந்து, கீழே கிடந்த கோழியைத் தூக்கிக்கொண்டு திரும்பியது. நரித்தோலைக் கொண்டுவந்து கையில் தரத்தானே பழக்கியிருந்தேன்.

கோழிகளின் சத்தத்துக்கு அண்ணை வெளியே வந்தார். அவர் கண்டது, வளவின் நடுவால் வாயில் செத்த கோழியோடு வருகிற நாயை மட்டும்தான்.

"பாத்தியே! ரெண்டாம் தரம்!" என்றார்.

"இல்லை அண்ணை, நரி. நான் கண்ணாலை கண்டனான்."

"நீ உதைக் காப்பாத்த உப்பிடித்தான் சொல்லுவாய்."

நாய் என் முன்னால் வந்து இருந்தது. "விடு" என்று நான் சொல்ல முன்பே கோழியை என் காலடியில் வைத்தது. பிறகு கழுத்தை நீட்டியது. என் கையில் வாரும் இல்லை, கயிறும் இல்லை. அது நீட்டிக்கொண்டு இருந்தது. வால் ஆடவில்லை. கண்ணை ஒரு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, கட்டு என்று காத்துக்கொண்டிருந்தது.

காலமெல்லாம் நான் கைகட்டி நின்ற மனிதர் முன்னால் வாய் தானாகத் திறந்தது.

"அண்ணை, அண்டைக்கு நான் மூண்டு நாள் கட்டேல்லை. அடுத்த நாளே வெட்டிப்போட்டன். உங்களுக்குப் பொய் சொன்னனான். இது பொய்யில்லை. உது வாய் வைக்கேல்லை. உதைக் கொண்டுபோறதெண்டால் என்னையும் கொண்டுபோய் அவரிட்டை விடுங்கோ."

அண்ணை நாயைப் பார்த்தார். அது இன்னும் கழுத்தை மடக்கவில்லை. அவர் தடியை ஊன்றி வேலியடி வரைக்கும் நடந்துபோய், குனிய முடியாத காலோடு குனிந்து பார்த்தார். திரும்பி வரும்போது விரலில் கம்பியில் சிக்கியிருந்த சிவப்பு மயிர் கொஞ்சம் இருந்தது.

"நரிதான்," என்றார். பிறகு, குரல் இறங்கி, "அதை மடக்கச் சொல்லு பிள்ளை. பாக்க ஏலாமல் கிடக்கு," என்றார். என்னைத்தான் பிள்ளை என்றார். செத்த கோழியைத் தூக்கித் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனார். நான் ஈரப் புல்லில் முழங்காலில் இருந்து, அந்த நீட்டிய கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்துத்தான் அது மடக்கியது.

இது நடந்து மூன்று வருடம். நரி இப்போது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. வெள்ளைக்காரர் தன்னுடைய நாய்களைவிட இது திறம் என்கிறார். சனம் கூட்டுக்குள் கைவிட்டுத் தடவப் பழகிவிட்டது. எல்லாம் சரிதான். ஆனால் கோழி என்றால் சாகும். குளிரில் சாகும், கழிச்சலில் சாகும், வயது போய்ச் சாகும். யாராவது செத்த கோழி ஒன்றைக் காலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனால், அவள் எங்கே படுத்திருந்தாலும் எழும்பி, என்னிடம் வந்து, முன்னால் இருந்து, கழுத்தை நீட்டுவாள். ஒவ்வொரு தரமும் எனக்கு வெட்கமாக இருக்கும். "நீயில்லைப் பிள்ளை, நீ ஒண்டும் செய்யேல்லை," என்று திருப்பித் திருப்பிச் சொல்லுவேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு அப்படியே இருப்பாள். நான் அவளுக்குப் பழக்கியது நாலு சொல். அதில் இது இல்லை.